பிளேயர் சொன்னா பசங்க கேப்பாங்களா? தம், வாய்ல ஒதுக்கி வைக்கிற ஹான்ஸ், கூல் லிப் மாதிரி புகையிலை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கு?

பிஇடி சார், மேடம், ஊர்ல கபடி டீம் வாலிபால் டீம் நடத்துறவங்க, அகாடமி கோச், அப்புறம் பையன் பேன்ட்ட துவைக்கப் போடும்போது பாக்கெட்ல ஏதோ சிக்கி பயந்துபோன அம்மா அப்பா, இவங்களுக்குத்தான். மே 31 உலக புகையிலை ஒழிப்பு தினம் வந்தா ஒரு பிளேயர சீஃப் கெஸ்ட்டா கூப்பிட்டு ஃபங்ஷன் வைக்கணும்னு எல்லாருக்கும் தோணுது. யாரைக் கூப்பிடணும், அவர் என்ன பேசணும், அவர் கார் ஏறிப் போனப்புறம் நாம என்ன பண்ணணும்னு கேட்டா மட்டும் பதில் வராது, அதுக்குத்தான் இந்தப் பேஜ்.

எதுக்கு பிளேயர்? ஒரு டாக்டர் வந்து சொன்னா போதாதா?

டாக்டரும் சொல்லட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா பதிமூணு வயசு பையன்கிட்ட அம்பது வயசுல கேன்சர் வரும்னு சொன்னா அவன் கேட்டுட்டு போயிடுவான், அம்பது வயசெல்லாம் அவனுக்கு அவங்க தாத்தாவோட பிரச்சனை. 2019 ல நம்ம நாட்டுல 13 லேர்ந்து 15 வயசு வரைக்கும் உள்ள ஸ்கூல் பசங்ககிட்ட எடுத்த உலக இளைஞர் புகையிலை சர்வேல நூத்துக்கு எட்டரை பேர் ஏதாவது ஒரு ரூபத்துல புகையிலை யூஸ் பண்றாங்கன்னு வந்துச்சு. அதவிட எனக்கு தூக்கிவாரிப் போட்டது அடுத்த கணக்கு, சிகரெட் பிடிச்ச பசங்கள்ல 38 சதவீதம் பேர் பத்து வயசு முடியறதுக்குள்ளயே தொட்டவங்க, பீடில 47, வாய்ல வைக்கிற ஐட்டத்துல 52 சதவீதம். பத்து வயசுன்னா அஞ்சாம் கிளாஸ்ங்க. அஞ்சாம் கிளாஸ் பையன் யார் மாதிரி முடி வெட்டிக்கிறான், யாரோட ஜெர்சி நம்பர் வேணும்னு அடம் பிடிக்கிறான்னு பாத்தாலே யார் பேச்சு அவன் காதுல ஏறும்னு புரிஞ்சுடும்.

இன்னொண்ணு, பிளேயருக்கு உடம்புதான் பொழப்பு. அதனால அவர் பேசினா நாப்பது வருஷம் கழிச்சு வர்ற நோய பத்தி பேச வேண்டியதில்ல, இந்த வாரம் கிரவுண்ட்ல என்ன நடக்கும்னு பேசலாம். கபடில ரெய்டு முப்பது செகண்ட், அந்த முப்பது செகண்டும் மூச்ச விடாம பாடணும். புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிச்சு வச்ச மாதிரி, ஆக்சிஜன் ஏறி வந்தா உக்கார இடமே இருக்காது. அதோட நிக்கோடின் ரத்தக் குழாய சுருக்கி இதயத் துடிப்பயும் ஏத்தி விட்டுடும், அப்போ சும்மா நிக்கும்போதே இதயம் வழக்கத்த விட வேகமா அடிச்சுட்டு இருக்கும். இத ஒரு ரெய்டர் தன் வாயால சொன்னா பையன் அன்னிக்கு சாயங்காலமே தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிப் பாப்பான்.

இது புது ஐடியாவா?

நம்மாளுங்களுக்கு முன்னாடியே சிகரெட் கம்பெனிக்காரன் பிடிச்ச ஐடியா. தொண்ணூறுகள்ல கிரிக்கெட் பாத்தவங்க யோசிச்சுப் பாருங்க, இந்திய டீம் சட்டைல வில்ஸ், 1992 உலகக் கோப்பை பேரே பென்சன் அண்ட் ஹெட்ஜஸ், 1996 உலகக் கோப்பை பேரு வில்ஸ் வேர்ல்ட் கப். நம்ம சென்னைலயும்தான், 2017 வரைக்கும் சென்னை ஓப்பன்னு ஒரு டென்னிஸ் டோர்னமென்ட் நடந்துச்சே, அது நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சப்போ கோல்டு ஃபிளேக் ஓப்பன், 2002 லதான் டாடா ஓப்பன் ஆச்சு. ஊர்ல பெரிய மனுஷங்க குடும்பத்தோட போய் டென்னிஸ் பாத்துட்டு வந்தாங்க, யாருக்கும் அது சிகரெட் பேருன்னு உறுத்தவே இல்ல. அதுதான் அவங்களுக்கு வேண்டியதும்.

இதனால பசங்களுக்கு என்ன ஆகுதுன்னு அந்தக் காலத்துலயே கோவால ஆராய்ச்சி பண்ணாங்க. வில்ஸ் ஸ்பான்சர் பண்ண இந்தியா நியூசிலாந்து சீரிஸ் டிவில ஓடினதுக்கு அப்புறம் 13 லேர்ந்து 16 வயசு ஸ்கூல் பசங்கள விசாரிச்சாங்க, ரிசல்ட் 1996 ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. மேட்ச் பாத்த பசங்கள்ல கொஞ்சம் பேர் சிகரெட் பிடிச்சா கிரிக்கெட் நல்லா வரும்னே நம்ப ஆரம்பிச்சிருந்தாங்க, அப்படி நம்பினவங்க அத தொட்டுப் பாக்கற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு. எந்த பிளேயரும் தம் அடிங்கடான்னு சொல்லல, சட்டைல பேரு இருந்துச்சு, அவ்ளோதான். சொல்லாமலே இவ்ளோ வேலை நடக்கும்னா அதே பிளேயர் வாயத் திறந்து வேணாம்னு சொன்னாலும் கொஞ்சமாவது நடக்கும், இந்த மாதிரி எல்லா பிரச்சாரத்துக்கும் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான்.

சச்சின் சிகரெட் விளம்பரத்த வேணாம்னு சொன்னது நிஜமா இல்ல ஃபார்வர்ட் மெசேஜா?

நிஜம். இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சப்போ அவங்க அப்பா புகையிலை விளம்பரத்துல மட்டும் நடிக்காதேன்னு சொன்னதாவும், அதுக்காக பேட்ல ஒட்ட வந்த சிகரெட் ஸ்டிக்கர எல்லாம் மறுத்ததாவும் அவரே மேடைலயே சொல்லியிருக்காரு, 2023 ல மகாராஷ்டிரா அரசோட வாய் சுகாதார பிரச்சாரத்துக்கு தூதரா ஆனப்பவும் இதைத்தான் சொன்னாரு. 1996 உலகக் கோப்பை ஹைலைட்ஸ் கிடைச்சா பாருங்க, அவர் பேட் மொட்டையா இருக்கும், ஸ்டிக்கரே கிடையாது. அந்த பேட்ல 523 ரன், அந்த டோர்னமென்ட்லயே அதிகம்.

ஆனா இதுல ஒரு முரண் இருக்கு, அதையும் பசங்ககிட்ட மறைக்காம சொல்றது நல்லது. பேட் அவரோடது, சட்டை போர்டோடது. பேட்ல வேணாம்னு சொன்ன அதே ஆள் அந்த வருஷங்கள்ல வில்ஸ் போட்ட டீம் சட்டையத்தான் போட்டு ஆடினாரு. தனி மனுஷன் எவ்ளோ உறுதியா இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல முடியாது, சட்டம் வந்து அத எடுத்துவிட வேண்டியிருந்துச்சு. 2001 ல மசோதா வந்த சமயத்துல கம்பெனி தானாவே ஒதுங்கிக்கிச்சு, 2003 ல சட்டம், 2004 மே 1 லேர்ந்து அமல்.

அப்போ சட்டம் இருக்கு. இன்னும் என்ன பிரச்சனை?

ஏலக்காய்தான் பிரச்சனை. சிரிக்காதீங்க. புகையிலைக்கு விளம்பரம் பண்ணக் கூடாது, அதனால பான் மசாலா கம்பெனி அதே பேரு, அதே கலரு, அதே எழுத்துல வெள்ளி பூசின ஏலக்காய்னு ஒண்ணு விக்கும், விளம்பரமும் அதுக்குத்தான். 2023 ஐபிஎல் சமயத்துல கவாஸ்கர், கபில் தேவ், சேவாக், கெயில் எல்லாரும் சேர்ந்து வந்த ஆட் ஓடிச்சு. கௌதம் கம்பீர் அத பாத்துட்டு அசிங்கம்னு வெளிப்படையாவே திட்டினாரு, பிளேயர்ஸ் பாத்துத்தான் பசங்க கத்துக்கறாங்க, காசு சம்பாதிக்க வேற வழி இருக்குன்னு. கம்பீர் பேசற எல்லாத்தையும் நான் ஒத்துக்கற ஆள் இல்ல, இத ஒத்துக்கறேன்.

அதுக்கப்புறம் 2024 ல மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கிரிக்கெட் போர்டுக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கும் லெட்டர் போட்டுச்சு, பிளேயர்ஸ் இந்த மறைமுக விளம்பரத்துல நடிக்காம பாத்துக்கங்கன்னு. 2025 மார்ச்ல ஐபிஎல் நிர்வாகத்துக்கு இன்னொரு லெட்டர், ஸ்டேடியத்துலயும் டிவிலயும் புகையிலை, மது விளம்பரம் நேரடியாவும் வேணாம் மறைமுகமாவும் வேணாம்னு. லெட்டர்தான், உத்தரவு இல்ல. நம்ம லெவல்ல இதுக்கு ஒண்ணு பண்ணலாம், அந்த ஆட் ஓடும்போது பக்கத்துல உக்காந்திருக்கிற பையன்கிட்ட ஏலக்காய்க்கு இவ்ளோ கோடி எவனாவது கொட்டுவானாடான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. மீதி அவனே யோசிச்சுக்குவான், ஏமாத்தப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சா அந்த வயசுக்கு வர்ற கோவம் பெரிய கோவம்.

தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி போடற விளம்பரத்துலயும் டிராவிட் வந்தாரே, அது வேலை செஞ்சுச்சா?

ராகுல் டிராவிட் வந்தது நல்ல ஆட், ஸ்லிப்ல நின்னு கேட்ச் பிடிக்கிறவரு பேசறாரு, கவனமா இருக்கணும்ங்கறத அவர விட யாரு சொல்லணும். ஆனா உங்க பையன்கிட்ட தியேட்டர் ஆட்ல எது ஞாபகம் இருக்குன்னு கேளுங்க, முகேஷ்னு சொல்லுவான், இந்த நகரத்துக்கு என்ன ஆச்சுன்னு குரல் மாத்திப் பேசிக் காட்டுவான். முகேஷ் நிஜமான ஆள், குட்கா போட்டு வாய் கேன்சர்ல 24 வயசுல செத்துப்போன பையன். நம்ம ஊர் தியேட்டர்ல அது மிமிக்ரி ஆகி மீம் ஆகி சிரிப்பாயிடுச்சு, பயத்த அளவுக்கு மீறி காட்டினா மனசு அத ஜோக் ஆக்கித்தான் தாங்கிக்கும். டிராவிட கேலி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதே சமயம் பெருசா ஒட்டவும் இல்ல. அவர் ரொம்ப தூரத்துல இருக்காரு. அவர் வேணாம்னு சொன்னா ஆமா சார்னு தலையாட்டிட்டு இடைவேளைல வெளிய போய் பத்த வைப்பான்.

பிரச்சாரத்துல வந்த பிளேயரே தம் அடிச்சு மாட்டினா?

மாட்டியிருக்காங்க. பிரான்ஸ் ஃபுட்பால் பிளேயர் ஜிடான் 2002 ல ஐரோப்பிய யூனியனோட புகைக்கு எதிரான பிரச்சாரத்துல முகம் காட்டினவரு, 2006 உலகக் கோப்பை செமி ஃபைனலுக்கு முன்னாடி கைல சிகரெட்டோட போட்டோ வந்து உலகம் பூரா பரவிச்சு. ஆஸ்திரேலியா கிரிக்கெட் பிளேயர் ஷேன் வார்ன் கதை இன்னும் மோசம், தம்ம விடறதுக்காகவே ஒரு நிக்கோடின் மாத்து மருந்து கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டு, 1999 வெஸ்ட் இண்டீஸ் டூர்ல தம்மோட படம் பிடிச்சுட்டாங்க.

இதுலேர்ந்து எனக்கு புரிஞ்சது, ஆள கடவுள் மாதிரி தூக்கி நிறுத்தினாத்தான் விழும்போது பலமா சத்தம் கேக்கும். ஃப்ளெக்ஸ்ல இவர போல வாழுங்கள்னு போடறதுக்கு பதிலா அவர் நிஜமா தம் அடிச்ச ஆளா, விட்ட ஆளா, தொடவே தொடாத ஆளான்னு முன்னாடியே கேட்டு அதை மட்டும் பேச வைங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி கேட்டுடணும், கூச்சப்படாதீங்க, மேடை ஏறினப்புறம் பின் வரிசைல எவனாவது சிரிச்சான்னா மொத்த ஃபங்ஷனும் போச்சு. ஊருக்குள்ள யாரு எந்த டீக்கடை பின்னாடி நிக்கறாங்கன்னு பசங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்ல.

தம் அடிச்சு விட்டவர கூப்பிடலாமா? தப்பான எக்ஸாம்பிள் ஆகிடாதா?

தாராளமா கூப்பிடலாம், சில சமயம் அவர்தான் பெஸ்ட். யோஹன் கிரைஃப் தெரியும்ல, ஹாலந்து ஃபுட்பால், எழுபதுகள்ல உலகத்துலயே அவர மாதிரி ஆடினவங்க ஒரு கை விரல்ல அடங்குவாங்க. மனுஷன் விடாம தம் அடிப்பாரு. 1991 ல பார்சிலோனா கோச்சா இருக்கும்போது நெஞ்சு பிரச்சனையாகி பைபாஸ் ஆபரேஷன், வயசு 43 தான். அதுக்கப்புறம் தம்ம விட்டுட்டு மைதான ஓரத்துல உக்காந்து குச்சி மிட்டாய் சப்பிட்டே டீம நடத்தினாரு, அந்தப் படமெல்லாம் இப்பவும் கிடைக்கும்.

அவர வச்சு கட்டலோனியா அரசு, அதாவது ஸ்பெயின்ல பார்சிலோனா இருக்கிற மாகாணத்தோட அரசு, ஒரு விளம்பரம் எடுத்துச்சு. ஒரு கோட்டு போட்டுட்டு நிப்பாரு, ஒரு சிகரெட் பாக்கெட்ட எடுத்து காலால தட்ட ஆரம்பிப்பாரு, பாதம், முட்டி, குதிகால்னு பந்து மாதிரியே கீழ விழாம தட்டிட்டே இருப்பாரு. பாக்கெட் சதுரமா இருக்கு, உருளாது, ஆனா அவர் காலுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. கடைசியா ஒரே உதை, சிதறிப் போயிடும். பேச்சுல சொன்னது ரெண்டே விஷயம், ஃபுட்பால் எனக்கு எல்லாத்தையும் கொடுத்துச்சு, புகையிலை அத்தனையும் பறிக்கப் பாத்துச்சு. ஒரு கேன்சர் படம் கிடையாது, இருமல் கிடையாது, பாக்கற பையன் மொதல்ல அந்தக் கால் வேலைய பாத்து வாயப் பிளக்கறான், அந்த கேப்ல விஷயம் உள்ள போயிடுது. 2016 ல நுரையீரல் கேன்சர்லதான் செத்தாரு, 68 வயசு. விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆகியும் வந்துச்சு, இதையும் சொல்லணும், அப்புறம் விட்டுக்கலாம்னு நினைக்கிற பசங்களுக்கு இதுல பதில் இருக்கு.

எங்க பசங்க தம் அடிக்கறதில்ல, வாய்ல எதையோ வைக்கிறாங்க. அது என்ன?

பெரும்பாலும் கூல் லிப். சின்ன டப்பா, உள்ள டீ பேக் மாதிரி குட்டி குட்டி பை, மேலுதட்டுக்கோ கீழுதட்டுக்கோ உள்ள ஒதுக்கி வச்சுட்டா வெளிய தெரியாது, புகை வராது, புதினா வாசனை வேற. கிளாஸ்ல உக்காந்துட்டே வைக்கலாம், வாத்தியார் கண்டுபிடிக்க மாட்டாரு. தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலா, இந்த மாதிரி புகையிலை ஐட்டத்துக்கெல்லாம் 2013 லேர்ந்து தடை இருக்கு, ஆனா தடை இல்லாத ஸ்டேட்ல தயாராகி வந்துட்டேதான் இருக்கு. 2024 ல ஐகோர்ட் மதுரை கிளை இத ஏன் நாடு பூரா தடை பண்ணக் கூடாதுன்னு கேக்கற அளவுக்கு போச்சு, அவ்ளோ ஸ்கூல் பசங்க கைல அது புழங்குது.

வீட்ல கவனிக்க வேண்டியது, உதட்டுக்கு உள்பக்கம் ஒரு இடம் மட்டும் வெளுத்து சுருங்கி இருக்கா, காரம் பட்டா எரியுதுன்னு சாம்பார ஒதுக்கறானா, எச்சில் துப்பிட்டே இருக்கானா. பாக்கு கலந்ததுன்னா இன்னொரு சிக்கல், வாய் உள்ள தசை இறுகிட்டே வந்து வாயத் திறக்கவே முடியாம போகும். டாக்டருங்க சொல்ற ஈஸியான சோதனை, நடு மூணு விரல சேர்த்து செங்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாக்கணும், போகலன்னா பல் டாக்டர பாக்கணும், தள்ளிப் போடாதீங்க.

வாய்ல வைக்கிறதுக்கு எதிரா பிளேயர்ஸ் யாராவது பேசியிருக்காங்களா?

அமெரிக்கால பேஸ்பால்ல இதுக்கு நூறு வருஷ வரலாறே இருக்கு. அங்க பேஸ்பால் ஆடறவன்னா கன்னம் உப்பி இருக்கும், ஏன்னா உள்ள புகையிலை, மைதானத்துலயே துப்பிட்டு ஆடுவாங்க, அத பாத்து சின்னப் பசங்களும். டோனி க்வின்னு ஒருத்தர், சான் டியாகோ டீம், 3141 ஹிட் அடிச்ச பெரிய பிளேயர், 2014 ல எச்சில் சுரப்பி கேன்சர்ல 54 வயசுல போயிட்டாரு. எந்தக் கன்னத்துல ஒதுக்குவாரோ அந்தப் பக்கம்தான் வந்துச்சு, புகையிலைதான் காரணம்னு அவரே நம்பினாரு. ரிட்டயர் ஆனப்புறம் காலேஜ்ல கோச்சா இருந்தாரு, அவர்கிட்ட கத்துக்கிட்ட ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி பெரிய பிளேயர்ஸ் கோச் போனப்புறம் நாங்களும் விடறோம்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே சான் பிரான்சிஸ்கோ ஸ்டேடியத்துல வாய்ப் புகையிலைக்கு தடை கொண்டு வந்துச்சு, அப்புறம் பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ்னு வரிசையா. 2016 கடைசில போட்ட ஒப்பந்தத்துல புதுசா மேஜர் லீக்குக்கு, அதாவது அங்க பேஸ்பாலோட பெரிய லீக்குக்கு, வர்ற எந்த பிளேயரும் தொடக் கூடாதுன்னே ஆயிடுச்சு.

பேச்சோட நிக்காம வேற ஒண்ணும் பண்ணாங்க, நமக்கு காப்பி அடிக்க வேண்டியது இதுதான். கலிஃபோர்னியால 16 காலேஜ் டீம்கள்ல, பாதி காலேஜ்ல பல் டாக்டர வர வச்சு ஒவ்வொரு பிளேயர் வாயயும் திறந்து கண்ணாடில அவனோட புண்ண அவனுக்கே காட்டினாங்க, அதோட டீம்ல இருக்கிற பசங்களே முன்ன நின்னு பேசினாங்க. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா அந்த காலேஜ்ல விட்டவங்க 35 சதவீதம், மத்த காலேஜ்ல 16. அடுத்தவன் வாய் கேன்சர் போட்டோ எத்தனை காட்டினாலும் தன்னோட உதட்ட தானே பாக்கற அதிர்ச்சி வராதுங்க. பக்கத்துல பல் மருத்துவக் கல்லூரி இருந்தா முகாம் கேட்டுப் பாருங்க, நிறைய பேர் வருவாங்க, டீம் மொத்தத்துக்கும் ஒரு சாயங்காலம் போதும்.

அவன் தம் அடிச்சுட்டே நல்லா ஆடறானேன்னு பசங்க கேட்டா?

பொய் சொல்லாதீங்க, ஆடறவங்க இருக்காங்க. பிரேசில் ஃபுட்பால் டீம்ல ஆடின சாக்ரடீஸ் டாக்டருக்குப் படிச்சவரு, கேப்டன், தம் அடிப்பாரு. இங்கிலாந்துல 2024 ல வந்த ஒரு ஆய்வுல ஆண் புரொஃபஷனல் ஃபுட்பால் பிளேயர்ஸ்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் ஸ்னஸ், அதான் நம்ம கூல் லிப்புக்கு பெரியண்ணன், யூஸ் பண்றதா வந்துச்சு. அதனால தம் அடிச்சா ஆட முடியாதுன்னு சொன்னா பையன் கூகுள் பண்ணி உங்கள மாட்டி விட்டுடுவான்.

சொல்ல வேண்டியது என்னன்னா, அவனுக்கு ஆக்சிஜன் குறைஞ்சும் ஆடற அளவுக்கு திறமை எக்ஸ்ட்ரா இருக்கு, உனக்கு செலக்‌ஷன்ல கடைசி ரெண்டு இடத்துக்கு எட்டு பேர் போட்டி, அந்த எட்டு பேர்ல நீ எதையும் விட்டுக் கொடுக்கற நிலைமைல இல்ல. கூடவே அடி பட்டா காயம் ஆறவும் லேட் ஆகும், எலும்பு சேரவும் லேட் ஆகும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவ நம்பி குடும்பமே உக்காந்திருக்கிற பையனுக்கு இது நல்லாவே உறைக்கும்.

ஸ்டார் பிளேயர் கிடைக்க மாட்டேங்கறாரு, பட்ஜெட்டும் இல்ல. என்ன பண்றது?

நல்லதுன்னு நினைங்க. பக்கத்து தெரு ஆள் போதும், சொல்லப்போனா அவர்தான் வேணும். மாவட்ட டீம்ல ஆடற அக்கா, யுனிவர்சிட்டிக்கு ஆடின அண்ணன், போன வருஷம் போலீஸ் டீம்ல சேர்ந்த பையன், இவங்கள பசங்க தினமும் பாக்கறாங்க, பேர் சொல்லி கூப்பிடறாங்க, அவங்க ஷூ எந்தக் கடைல வாங்கினதுன்னு கூட தெரியும்.

மேடை, மைக், சால்வை, பொன்னாடை எல்லாம் வேணாம், அது எல்லாம் பேசறவர தூரமாக்கிடும். பிராக்டிஸ் முடிஞ்சு தண்ணி குடிச்சுட்டு தரைல உக்காரும்போது பேசினா போதும், பத்து நிமிஷம். தம் அடிக்காதீங்கடான்னு அட்வைஸ் வேணாம், எவனாவது நீட்டும்போது என்ன சொல்லி தப்பிச்சேன்னு சொல்லட்டும். பசங்களுக்கு வேணாம்னு தெரியும், நாலு பேர் முன்னாடி வேணாம்னு சொல்லத்தான் தெரியல. நீட்டறவன் சீனியரா இருப்பான், முடியாதுன்னா இவன் சின்னப்பையன்டான்னு கிண்டல் பண்ணுவான். அப்போ சொல்ல ஒரு வார்த்தை வேணும், அண்ணே நாளைக்கு மேட்ச் இருக்குண்ணே, கோச் வாய மோந்து பாப்பாருண்ணே, இந்த மாதிரி. காமெடியா இருந்தாலும் பரவால்ல, சண்டை வராம மானம் போகாம நழுவணும், அதுதான் தேவை. அந்த அண்ணன் தன்னோட டயலாக்க சொல்லட்டும், பசங்கள மாத்தி மாத்தி நடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒருத்தன் நீட்டணும் ஒருத்தன் நழுவணும், செம ரகளையா இருக்கும், ஆனா ஞாபகத்துல நிக்கும். ஒரு தடவை பேசிட்டு போனா போதாது, மாசம் ஒரு தடவையாவது வரணும், சும்மா கூட ஆடிட்டு போனா கூட சரி.

எங்க கிளப் அண்ணனுங்களே மேட்ச் முடிஞ்சு கிரவுண்ட் ஓரத்துல தம் அடிக்கிறாங்களே?

அப்போ பசங்கள விட்டுட்டு மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க. விடுங்கன்னு கூட கேக்க வேணாம், அது அவங்க பாடு. ஜெர்சி போட்டிருக்கும்போது, பசங்க கண்ணு படற இடத்துல வேணாம்ணே, அவ்ளோதான் கேளுங்க. எந்த அண்ணனும் இதுக்கு மூஞ்சி காட்ட மாட்டாரு. அப்புறம் சின்னப் பசங்கள தம் வாங்கிட்டு வரச் சொல்லி கடைக்கு அனுப்பறத அன்னிக்கே நிறுத்தணும், நிறைய பசங்களுக்கு முதல் சிகரெட் கைக்கு வர்றதே இப்படித்தான்.

பொண்ணுங்க டீமுக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. வாய்ல வைக்கிற ஐட்டத்துக்கு பையன் பொண்ணு கணக்கெல்லாம் கிடையாது. பொண்ணுங்ககிட்ட கேட்டா வீட்டுக்குத் தெரிஞ்சா விளையாடவே விட மாட்டாங்கன்னு பயந்து வாயே திறக்க மாட்டாங்க, அதனால மேடமோ சீனியர் அக்காவோ தனியா பேசறது நல்லது.

டோர்னமென்ட் நடத்தறோம், எதெல்லாம் பாத்துக்கணும்?

ஸ்பான்சர் யாருன்னு பாருங்க, பான் மசாலா ஏஜென்சிக்காரர் கப் ஸ்பான்சர் பண்றேன்னு வந்தா கும்பிட்டு அனுப்பிடுங்க. நோட்டீஸ்ல, மைக் அனவுன்ஸ்மென்ட்ல கிரவுண்டுக்குள்ள புகையிலை கூடாதுன்னு சொல்லிடுங்க, ஒலிம்பிக்ஸ்லயே 1988 லேர்ந்து இருக்கிற பழக்கம்தான். ஸ்கூல் கிரவுண்டுனா நூறு கஜத்துக்குள்ள, அதாவது தொண்ணூறு மீட்டர் சுமாருக்குள்ள, எந்தக் கடையும் விக்கக் கூடாது, ஸ்கூல் வெளிய ரோட்டுல மஞ்சக் கோடு போடறது இதுக்குத்தான். 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விக்கறதும் தப்பு. கோட்பா சட்டத்துல, அதான் மேல சொன்ன 2003 புகையிலை சட்டம், இதுக்கு ஃபைன் வெறும் 200 ரூபா வரைக்கும்தான், அதனால கடைக்காரர் கண்டுக்கறதில்ல. ஆனா சிறார் நீதிச் சட்டம் 77 வது பிரிவுல குழந்தைக்கு புகையிலை கொடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன். பெட்டிக்கடை அண்ணாச்சிகிட்ட சண்டைக்குப் போகாம இந்த ரெண்டாவது சட்டத்த மட்டும் மெதுவா ஞாபகப்படுத்துங்க.

வேப் அடிக்கலாமா, அதுல புகையிலை இல்லையேன்னு கேக்கறாங்க?

இந்தியால இ-சிகரெட் 2019 லேர்ந்து தடை, விக்கறதும் இறக்குமதி பண்றதும் குத்தம். நிக்கோடின் அதுலயும் இருக்கு, அடிமையாக்கறது அந்த நிக்கோடின்தான்.

பையன் மாட்டிக்கிட்டான். டீம விட்டு தூக்கிடலாமா?

வேணாம். நிறைய கோச் பண்றது இதுதான், ஒழுக்கம்னு சொல்லி அன்னிக்கே வெளிய அனுப்பிடறது. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் கிரவுண்ட்ல இருந்தவன் நாளைலேர்ந்து அந்த ரெண்டு மணி நேரம் எங்க நிப்பான்? அதே டீக்கடை பின்னாடிதான், அவன் கூட நிக்கறவங்களும் அதே ஆளுங்கதான். ஒரு மேட்ச் உக்கார வைங்க, வீட்ல பேசுங்க, ஆனா பிராக்டிஸுக்கு வரச் சொல்லுங்க. மத்த பசங்க முன்னாடி நிக்க வச்சு கேவலப்படுத்தினா அடுத்தவன் மாட்டாம எப்படி வைக்கறதுன்னுதான் கத்துப்பான்.

விடணும்னு நினைக்கிறான், முடியல. யார்கிட்ட போறது?

மத்திய அரசோட குவிட்லைன் 1800 11 2356, ஃப்ரீ, தமிழ்லயும் பேசலாம், சிகரெட் பாக்கெட் மேலயே இந்த நம்பர் அச்சடிச்சிருக்கும். அரசு மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல புகையிலை விடறதுக்கான ஆலோசனை மையம் இருக்கு, ஓபில கேட்டா சொல்லுவாங்க. முதல் சில நாள் எரிச்சல், தலைவலி, தூக்கம் கெடறது எல்லாம் வரும், பிராக்டிஸ்ல கோவப்படுவான், பாஸ் சரியா போட மாட்டான், அந்த நேரத்துல திமிருன்னு நினைச்சு திட்டாதீங்க, ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும். நிக்கோடின் சூயிங் கம் எல்லாம் டாக்டர கேக்காம சின்னப் பசங்களுக்கு வாங்கிக் கொடுக்க வேணாம். போன் பண்றதுக்கு பையன் கூச்சப்பட்டா நீங்களே நம்பர் போட்டுக் கொடுத்துட்டு கொஞ்சம் தள்ளிப் போய் நெட் கட்டிட்டு இருங்க, பக்கத்துல நின்னா வாயத் திறக்க மாட்டான்.